மேல்தாடையில் இம்பிளான்ட்: பல்லுக்கு முன் பார்க்கவேண்டிய எலும்பும் காற்றறையும்

மேல்வாயின் கொடுப்புப் பல் ஒன்றைக் கழற்றிவிட்டு, "பிறகு பார்ப்பம்" என்று ஏழெட்டு வருஷம் விட்டவர்கள் யாழ்ப்பாணத்தில் நிறையப் பேர். சிரித்தால் தெரியாத இடம், மற்றப் பக்கத்தால் சப்பலாம், அவசரம் என்ன? அப்புறம் ஒரு நாள் புழுக்கொடியலோ முறுக்கோ கடிக்க முடியாமல் போக, இம்பிளான்ட் வைக்கலாம் என்று பல் வைத்தியரிடம் போகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கீழ்ப் பல் மூன்று நான்கு மாதத்தில் முடிந்திருக்கும். இவருக்கோ வைத்தியர் ஸ்கானைப் பார்த்துவிட்டு, "எலும்பு காணாது, சைனஸைத் தூக்கவேணும், வருஷம் ஒன்று வரைக்கும் போகலாம்" என்கிறார். கேட்பவர் பயந்துபோகிறார், அல்லது காசுக்காகச் சொல்கிறார்கள் என்று நினைக்கிறார். இரண்டுக்கும் தேவையில்லை. மேல்தாடை கீழ்த்தாடையைப் போன்றதல்ல. அந்த வித்தியாசம் விளங்கினால், வைத்தியர் சொல்வதும் விளங்கும், அவரிடம் எதைக் கேட்கவேண்டும் என்பதும் விளங்கும்.

முதலில் இம்பிளான்ட் என்பது என்ன? டைட்டேனியத்தில் செய்த சிறிய திருகாணி. பின்பற்களுக்கு வைப்பது ஏறத்தாழ 4 முதல் 5 மில்லிமீற்றர் விட்டமும் 8 முதல் 12 மில்லிமீற்றர் நீளமும் உள்ளது. அதை முரசுக்குள்ளே எலும்பில் இறக்கி, எலும்பு அதனோடு ஒட்டிய பிறகு மேலே ஒரு இணைப்புத் துண்டைப் பூட்டி, அதன்மேல் பல்லைப் பொருத்துகிறார்கள். சுவீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரேனமார்க் 1950களில் முயலின் கால் எலும்புக்குள் டைட்டேனியக் கருவி ஒன்றைப் பொருத்தி, இரத்தம் ஓடுவதை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆய்வு முடிந்து கழற்றப் பார்த்தால் கருவி வரவில்லை, எலும்பு அதை இறுகப் பிடித்திருந்தது. அங்கேதான் இந்தச் சிகிச்சை தொடங்குகிறது. 1965இல் யோஸ்தா லார்சன் என்ற நோயாளிக்கு முதன்முதலாக வைத்தார். அந்தத் திருகாணிகள் லார்சன் 2006இல் இறக்கும்வரை நாற்பது வருஷத்துக்கு மேல் வேலை செய்தன. அவருக்கு வைத்தது கீழ்த்தாடையில்.

வேலிக்குக் கிளுவங் கதியால் நட்டவர்களுக்கு இந்த ஒட்டுதல் சுலபமாக விளங்கும். அலவாங்கால் குழி போட்டு, கதியாலை இறக்கி, சுற்றி மண்ணை இறுக்கிவிடுகிறோம். அன்றைக்கு அது நிற்பது மண்ணின் இறுக்கத்தால் மட்டும். வேர் பிடித்த பிறகுதான் உண்மையாக நிற்கிறது. அதற்கிடையில் ஆட்டி ஆட்டிப் பார்த்தால் பட்டுப்போகும். இம்பிளான்ட் வேர் விடுவதில்லை, எலும்புதான் அதை நோக்கி வளர்ந்து வந்து ஒட்டுகிறது. மற்றப்படி நடப்பது இதேதான். கீழ்த்தாடையின் முன்பக்கத்து எலும்பு வலிகாமத்துச் செம்மண் மாதிரி இறுக்கமானது. மேல்தாடையின் பின்பக்கம் மணல் நிலம்: வெளியே மெல்லிய ஓடு, உள்ளே கடற்பஞ்சு போல ஐதான எலும்பு. மணலில் நட்ட கதியாலுக்கு முதல் நாள் பிடிப்பும் குறைவு, வேர் பிடிக்கும்வரை பொறுமையும் கூட வேண்டும். பிரேனமார்க்கின் பழைய முறையில் கீழ்த்தாடைக்கு மூன்று மாதம், மேல்தாடைக்கு ஆறு மாதம் என்று காத்திருப்பார்கள். இப்போது திருகாணியின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கித் தயாரிப்பதால் காலம் குறைந்திருக்கிறது. ஆனாலும் மேல்தாடைக்குக் கூடுதலாகக் காத்திருக்கும் வழக்கம் மாறவில்லை.

மென்மையான எலும்பில் இறக்கும்போது வைத்தியர்கள் திருகாணியைவிடச் சற்றுச் சிறிய துளையாகப் போடுவார்கள். திருகாணி எலும்பை நெருக்கிக்கொண்டு இறங்கினால் முதல் நாள் பிடிப்புக் கிடைக்கும். துளைக்கும்போது உப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும்; எலும்பு 47 பாகை செல்சியசை ஒரு நிமிஷம் தாண்டினாலே அந்த ஓரம் செத்துவிடக்கூடும் என்பதால்தான் இந்தக் கவனம். இன்னொன்றும் தெரிந்திருக்கவேண்டும். வைத்த பிறகு மூன்றாம் நான்காம் கிழமை அளவில் பிடிப்பு முதல் நாளைவிடக் கொஞ்சம் குறைகிறது. துளை ஓரத்துப் பழைய எலும்பை உடல் கரைத்துப் புதிதாகக் கட்டும் காலம் அது. நோவும் இருக்காது, வீக்கமும் வற்றியிருக்கும். "இனிச் சுகம்" என்று அந்தப் பக்கத்தால் கடலை கடிக்கத் தோன்றுவதும் அப்போதுதான். கடிக்கக்கூடாத நேரமும் அதுதான்.

மென்மையான எலும்பில் ஒரு நன்மையும் உண்டு. விறைப்பு மருந்து அதனூடாக லேசாக ஊறிப் போகும். அதனால் மேல்வாயில் பல்லுக்குப் பக்கத்திலேயே ஊசி போட்டு நன்றாக விறைக்கச் செய்யலாம். கீழ்த்தாடையில் உள்ளே ஓடும் பெரிய நரம்பு துளைபடுமோ என்ற பயமும் இங்கே இல்லை.

மேலே இருக்கும் காற்றறை

மேல்தாடையின் பின்பற்களுக்கு மேலே, கன்னத்துக்குள், இரண்டு பக்கமும் ஒவ்வொரு வெற்றறை இருக்கிறது. அதுதான் மக்சிலரி சைனஸ். பீனிசம் என்று சொல்லி முகம் கனக்கும்போது நோகிற இடம். வளர்ந்தவர்களில் அதற்குள் 12 முதல் 15 மில்லிலீற்றர் காற்று கொள்ளும். உள்ளே ஈரமான மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கும். ஆரோக்கியமான சவ்வின் தடிப்பு பொதுவாக 1 மில்லிமீற்றருக்கும் குறைவு. அறையின் வாசல் அடியில் இல்லை, உயரத்தில் மூக்கின் பக்கமாக இருக்கிறது. உள்ளே ஊறும் சளியை சவ்வில் உள்ள நுண்ணிய மயிர்கள் மேல்நோக்கித் தள்ளி வெளியேற்றுகின்றன. சிலருக்குக் கொடுப்புப் பல்லின் வேர் நுனி இந்த அறையின் அடித்தளத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கும். மேல்பல் பழுதானால் ஒரு பக்க மூக்கால் மட்டும் நாற்றமுள்ள சளி வருவது அதனால்தான். அப்படி வந்தால் பல்லையும் பாருங்கள்.

பல் கழன்ற பிறகு இரண்டு பக்கத்தாலும் எலும்பு குறைகிறது. கீழே, பல் இருந்த மேடு தேய்கிறது. அகலத்தில் ஏறத்தாழப் பாதி முதல் வருஷத்திலேயே போய்விடக்கூடும், அதிலும் பெரும்பங்கு முதல் மூன்று மாதத்தில். மேலே, சைனஸ் கீழ்நோக்கி இறங்குகிறது. பல் இருக்கும்போது கடியின் பாரம் எலும்பைத் தாங்கச் சொல்லிக்கொண்டிருந்தது. அது இல்லாமல் போக, காற்றறை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பத்து வருஷம் போனால் முரசுக்கும் சைனசுக்கும் இடையில் 3, 4 மில்லிமீற்றர்தான் எஞ்சியிருக்கலாம். அதில் 10 மில்லிமீற்றர் திருகாணியை எப்படி நிறுத்துவது? மேல் கொடுப்புப் பல் ஒன்றைக் கழற்றவேண்டி வந்தால், கழற்றும் நாளிலேயே "பிறகு இதில் என்ன வைக்கலாம்?" என்று கேட்டுவிடுங்கள். கழற்றிய குழியில் அன்றைக்கே எலும்புத் துகள் நிரப்பித் தேய்வைக் குறைக்கும் வழி இருக்கிறது. பல வருஷம் கழித்துச் செய்யும் பெரிய வேலையைவிட அது எவ்வளவோ சின்ன வேலை.

எவ்வளவு எலும்பு எஞ்சியிருக்கிறது என்பதை வாயைப் பார்த்துச் சொல்லமுடியாது. ஓ.பி.ஜி. என்ற முழு வாய் எக்ஸ்ரே உயரத்தை ஓரளவு காட்டும், அகலத்தைக் காட்டாது. கோன் பீம் சி.டி. ஸ்கான் உயரம், அகலம், சவ்வின் தடிப்பு, சைனசுக்குள்ளே எழும்பும் எலும்புத் தடுப்புகள், பக்கச் சுவரில் ஓடும் இரத்தக் குழாய் எல்லாவற்றையும் காட்டுகிறது. மேல்தாடையின் பின்பக்கத்தில் அந்த ஸ்கான் இல்லாமல் திகதி குறிக்கச் சம்மதிக்கவேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. காசு கூடத்தான். ஆனால் மிச்சம் பிடிக்கவேண்டிய இடம் இதுவல்ல.

உயரம் எவ்வளவு?

உயரம் 8 முதல் 10 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருந்தால் சாதாரணமாகவே வைக்கலாம். 5 முதல் 8 மில்லிமீற்றர் என்றால், திருகாணிக்குப் போடும் அதே துளை வழியாக சைனஸின் தளத்தை 2, 3 மில்லிமீற்றர் மேலே தள்ளிவிட்டு வைப்பார்கள். அமெரிக்காவைச் சேர்ந்த ராபர்ட் சம்மர்ஸ் 1994இல் விவரித்த முறை இது. சிறு உளி போன்ற கருவியைத் தட்டித் தட்டிச் செய்வதால் தலைக்குள் சத்தம் அதிரும். சிலருக்குப் பிறகு சில நாள் தலைசுற்றலும் வரலாம். முன்பே தெரிந்திருந்தால் பதற்றம் குறையும். இந்த உயரத்துக்கு 6 மில்லிமீற்றர் அளவான குட்டைத் திருகாணிகளும் இருக்கின்றன. சைனஸைத் தொடாமலே முடிக்கமுடியுமா என்று கேட்டுப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம்.

5 மில்லிமீற்றருக்குக் கீழே போனால்தான் பெரிய சைனஸ் தூக்கல் பேச்சுக்கு வருகிறது. 1970களில் அமெரிக்காவின் ஹில்ட் டேட்டம் தொடங்கிவைத்தது. 1980இல் பாய்ன், ஜேம்ஸ் ஆகிய இருவரும் கட்டுரையாக வெளியிட்டார்கள். பெயர் பயமாக இருந்தாலும் பெரும்பாலும் விறைப்பு ஊசியோடு, நாற்காலியிலேயே செய்வதுதான். பல் இருந்த இடத்துக்கு மேலே, கன்னப் பக்கமாக முரசைத் திறந்து, சைனஸின் பக்கச் சுவரில் சிறிய யன்னல் ஒன்றை வெட்டுகிறார்கள். உள்ளே நீலச் சாயலில் சவ்வு தெரியும். அதைக் கிழிக்காமல், வளைந்த மெல்லிய கருவிகளால் தளத்திலிருந்து உரித்து மேலே உயர்த்துகிறார்கள். முழுச் சிகிச்சையிலும் கைப்பக்குவம் கூடத் தேவைப்படும் நேரம் இதுதான். சவ்வு உயர்ந்ததும் அதற்கும் எலும்புத் தளத்துக்கும் இடையில் வரும் வெளியில் எலும்புத் துகளை நிரப்பி, யன்னலை மூடித் தைத்துவிடுவார்கள். துகள் போவது காற்றறைக்குள் அல்ல, சவ்வுக்கு அடியில். பலரும் இந்த இடத்தில் குழம்புகிறார்கள்.

அடிக்கடி வரும் சிக்கல் சவ்வு கிழிவது. சின்னக் கிழிசல் என்றால் கரைந்துபோகும் கொலாஜன் தாளால் மூடிவிட்டுத் தொடரலாம். பெரிதென்றால் அன்றைக்கு நிறுத்தி, ஆறவிட்டு, சில மாதம் கழித்துத் திரும்பச் செய்வார்கள். "பாதியில் விட்டிட்டார்" என்று அந்த வைத்தியரைக் குறை சொல்லவேண்டாம். கிழிந்த சவ்வோடு பிடிவாதமாகத் துகளை நிரப்பியிருந்தால் அது சைனசுக்குள் கொட்டித் தொற்று உண்டாகியிருக்கும். நிறுத்தத் தெரிந்தவர் நல்ல வைத்தியர்.

அந்தத் துகள் எதனால் ஆனது என்பதை எங்கள் ஆட்கள் முன்கூட்டியே கேட்கவேண்டும். உலகெங்கும் கூடுதலாகப் பயன்படும் துகள்களில் ஒன்று மாட்டு எலும்பிலிருந்து எடுப்பது. அதிலுள்ள உயிர்ப்பொருள் எல்லாவற்றையும் நீக்கி, கனிமச் சட்டத்தை மட்டும் வைத்திருப்பார்கள். மேலே போர்த்தும் கொலாஜன் தாள்கள் பல பன்றியிலிருந்து வருபவை. சைவ வீடுகளில் முதலாவதும், முஸ்லிம் வீடுகளில் இரண்டாவதும் மனத்தை உறுத்தக்கூடியவை. சத்திரசிகிச்சை முடிந்த பிறகு தெரியவந்து வருந்துவது தேவையில்லாத வேதனை. செயற்கையாகச் செய்த கல்சியம் பொஸ்பேற்றுத் துகள்கள் இருக்கின்றன. நோயாளியின் சொந்தத் தாடையிலிருந்தே எலும்பு சுரண்டி எடுக்கவும் முடியும். "எனக்கு இது வேண்டாம், வேறு என்ன இருக்கு?" என்று நேரே கேளுங்கள். எந்த நல்ல வைத்தியரும் இதைத் தவறாக எடுக்கமாட்டார்.

மூன்று கிழமைக்குள் முடியாது

யாழ்ப்பாணத்தில் அடிக்கடி நடக்கும் பேச்சு ஒன்று உண்டு. சாவகச்சேரியில் இருக்கும் 58 வயது அம்மாவுக்கு மகன் ரொறன்ரோவிலிருந்து எடுத்துச் சொல்கிறார்: "அம்மா, நான் நல்லூர்த் திருவிழாவுக்கு வாறன். நிக்கிற மூண்டு கிழமைக்குள்ள உங்கட பல்லையும் முடிச்சுப்போடுவம்." அன்போடு சொல்வதுதான். ஆனால் அம்மாவின் எலும்பு 4 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். சைனஸ் தூக்கி, துகள் எலும்பாக மாற ஆறு மாதம் அளவில். அப்புறம் திருகாணி, அது ஒட்ட இன்னும் மூன்று முதல் ஆறு மாதம். அதற்குப் பிறகுதான் பல். எஞ்சிய எலும்பு சற்றுக் கூடுதலாக இருந்து, துகளும் திருகாணியும் ஒரே நாளில் வைக்கமுடிந்தால் சில மாதம் மிச்சமாகும். எப்படியும் மூன்று கிழமை என்பது கணக்கில் வராது. மகன் செய்யக்கூடிய நல்ல உதவி, வந்து நிற்கும் நாட்களில் ஸ்கான் எடுப்பித்து, வைத்தியரோடு பக்கத்தில் இருந்து பேசித் திட்டத்தை எழுதி வாங்குவது. மிச்சத்தை அம்மா ஆறுதலாகச் செய்யலாம்.

வெளிநாட்டிலிருந்து வந்து தங்களுக்கே செய்துகொள்பவர்களுக்கும், பலாலியிலிருந்து சென்னைக்குப் பறந்து செய்துகொண்டு வருபவர்களுக்கும் இன்னொரு கட்டுப்பாடு இருக்கிறது. விமானத்துக்குள் காற்றழுத்தம் மாறும்போது சைனசுக்குள்ளும் மாறும். புதிதாக உயர்த்திய சவ்வுக்கு அது கூடாது. பொதுவாகக் குறைந்தது இரண்டு கிழமை பறக்கவேண்டாம் என்பார்கள். உங்கள் வைத்தியர் சொல்லும் திகதிக்கு முன் பயணச்சீட்டுப் போடவேண்டாம்.

அதே காரணத்தால் அந்த நாட்களில் மூக்குச் சீறக்கூடாது. தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்மவேண்டும். இளநீரை ஸ்ட்ரோவால் உறிஞ்சவேண்டாம், கோப்பையில் ஊற்றிக் குடியுங்கள். ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக் கேணியில் முழுகுவதை அந்த வருஷம் தவிர்த்து, தலையில் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். நாதஸ்வரம் வாசிப்பவர்களும் கோயிலில் சங்கு ஊதுபவர்களும் திட்டம் போடும்போதே தங்கள் தொழிலைச் சொல்லிவிடவேண்டும், ஏனென்றால் ஊதும் அழுத்தம் நேரே அங்கேதான் போகும். திருவிழாக் காலம் முடிந்த பிறகு திகதி எடுப்பது அவர்களுக்கு நல்லது. கந்தசஷ்டி போன்ற விரத நாட்களையும் தள்ளியே திகதி எடுங்கள், குளிசைகளைச் சாப்பாட்டோடு போடவேண்டியிருக்கும். தடிமனோ பீனிசமோ இருக்கும்போது சத்திரசிகிச்சைக்குப் போகாதீர்கள், முதலில் அது மாறட்டும்.

முதல் நாள் ஆறிய பால்கஞ்சி, பிறகு சில நாள் குழைத்த சோறு, சொதி ஊற்றி ஊறவைத்த இடியப்பம் போதும். புட்டின் உதிரி தையலுக்குள் போகும், கூழின் உறைப்பும் சூடும் ஆகாது. கன்னம் இரண்டு மூன்று நாள் வீங்கும், கறுத்தும் போகலாம். மூக்கால் லேசாக இரத்தம் கசிவதும் உண்டு. ஆனால் இரத்தம் நிற்காமல் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, மூக்கால் சீழ் வந்தாலோ, குடித்த தண்ணீர் மூக்கால் வந்தாலோ அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள்.

வெற்றிலை, சுருட்டு, சலரோகம்

புகை எலும்பு ஒட்டுவதைக் கெடுக்கிறது. மென்மையான மேல்தாடையில் அந்தக் கெடுதல் இன்னும் கூடத் தெரியும். சுருட்டு என்றாலும் சிகரெட் என்றாலும் ஒன்றுதான். பாக்கும் புகையிலையும் சேர்த்து வெற்றிலை போடுபவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: நாள்பட்ட பாக்குப் பழக்கத்தால் கன்னத்து உட்தோல் தடித்து இறுகி, வாய் திறப்பு குறைந்துபோகும். பின்பல் இடத்துக்குக் கருவியைக் கொண்டுபோகவே இடமிருக்காது. அதைவிட முக்கியம், இலங்கையில் ஆண்களிடம் கூடுதலாகக் காணும் புற்றுநோய்களில் வாய்ப்புற்று முன்வரிசையில் நிற்கிறது. இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால் இம்பிளான்டை விடுங்கள், முதலில் அதைக் காட்டுங்கள்.

சலரோகம் இருந்தால் இம்பிளான்ட் வைக்கமுடியாது என்பது பிழையான எண்ணம். கட்டுப்பாட்டில் இருந்தால் வைக்கலாம். இரத்தச் சீனியின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 7 வீதத்தை ஒட்டியிருந்தால் நல்லது. 8க்கு மேலே என்றால் பல வைத்தியர்கள் தள்ளிப்போடுவார்கள். இரத்தம் உறையாமல் இருக்க வோர்பரினோ குளோபிடோகிரலோ எடுப்பவர்கள் தாங்களாகவே நிறுத்தவே கூடாது. பல்லுக்காக நிறுத்தப்போய்ப் பக்கவாதம் வந்தால் யார் பொறுப்பு? எலும்பு நலிவுக்குக் கிழமைக்கு ஒருக்கால் விழுங்கும் அலென்ட்ரோனேட் குளிசையைப் பலர் மருந்தாகவே எண்ணாமல் சொல்ல மறந்துவிடுகிறார்கள். தாடை எலும்பு ஆறுவதை அது பாதிக்கக்கூடும், கட்டாயம் சொல்லுங்கள்.

முன்பல் பகுதியில் சைனஸ் பிரச்சினை இல்லை. அங்கே சவால் அழகு. உதட்டுப் பக்கத்து எலும்பு பெரும்பாலும் 1 மில்லிமீற்றருக்கும் மெல்லியது; அது தேய்ந்தால் முரசு ஏறி, பல் நீண்டு தெரியும். மேல்வாயில் எல்லாப் பற்களும் போனவர்களுக்குச் சரித்து வைக்கும் நான்கு முதல் ஆறு திருகாணிகளில் முழு வரிசையையும் பூட்டலாம். எலும்பு மிகவும் குறைந்தவர்களுக்குக் கன்ன எலும்புவரை போகும் 30 மில்லிமீற்றருக்கும் நீளமான திருகாணிகளும் உண்டு, அது விசேட பயிற்சி உள்ளவர்களின் வேலை. எல்லோருக்கும் இம்பிளான்ட்தான் வேண்டும் என்றும் இல்லை. பக்கத்துப் பற்களில் ஏற்கெனவே பெரிய அடைப்பு இருந்தால், அவற்றைத் தாங்கலாக வைத்துப் பாலம் கட்டுவது பொருத்தமாக இருக்கலாம். நன்றாகச் செய்த கட்டுப்பல்லால் பல வருஷம் நிம்மதியாகச் சாப்பிடுபவர்களும் இருக்கிறார்கள்.

செலவைக் கேட்கும்போது ஸ்கான், எலும்புத் துகள், திருகாணி, இணைப்புத் துண்டு, பல் என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். பொருட்கள் எல்லாம் இறக்குமதி. 2022 நெருக்கடியில் ரூபாய் விழுந்ததோடு விலை ஏறியது. "ஒரு பல்லுக்கு இவ்வளவு" என்று வாயால் சொல்லும் கணக்கில் துகள் சேர்ந்திருக்கிறதா என்பது பிறகுதான் தெரியவரும். செய்பவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா, சைனஸ் தூக்கலைத் தானே செய்கிறாரா, வேறு நிபுணரை அழைக்கிறாரா என்றும் கேட்கலாம்.

பல் பூட்டிய பிறகும் அதைச் சுற்றி ஊத்தை படிந்தால் முரசு வீங்கி, எலும்பு கரையத் தொடங்கும். பெரும்பாலும் நோவில்லாமல் நடப்பதால் ஆட்டம் கண்ட பிறகுதான் தெரியும். தினமும் சின்னத் தூரிகையால் இடுக்கைச் சுத்தம் செய்வதும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுவதும் இதற்குப் போதும். திருகாணியின் பெட்டியில் கொம்பனிப் பெயர், அளவு, தொகுதி இலக்கம் அச்சிட்ட சிறு ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். அதைக் கேட்டு வாங்கி, படமெடுத்துப் பிள்ளைகளுக்கும் அனுப்பிவையுங்கள். ஒவ்வொரு கொம்பனிக்கும் பூட்டும் சாவி வேறு. நாளைக்கு நீங்கள் கனடாவிலோ லண்டனிலோ இருக்கும்போது பல் தளர்ந்தால், அங்குள்ள வைத்தியர் முதலில் கேட்பது அந்த ஸ்டிக்கரில் உள்ள விவரத்தைத்தான்.